கொடைக்கானல் பாதரசம்: அளக்காமல் விட்ட நோய்

கொடைக்கானலில் மூஞ்சிக்கல் எப்போதும் சந்தடியான இடம். கடைகள், வண்டிகள், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள். 2001-ஆம் ஆண்டு அங்கே ஒரு காயலான் கடையில் உடைந்த கண்ணாடிச் சில்லுகள் மூட்டை மூட்டையாகக் கிடப்பது வெளியே தெரிந்தது. வெறும் கண்ணாடி என்றால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். அவை தெர்மாமீட்டர் சில்லுகள், பாதரசம் ஒட்டியிருந்தது. எடை 7.4 டன். மார்ச் 7-ஆம் தேதி ஊர்க்காரர்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் திரண்டு போராடினார்கள். செயின்ட் மேரீஸ் சாலையில் இருந்த இந்துஸ்தான் லீவர் தெர்மாமீட்டர் தொழிற்சாலை அத்தோடு உற்பத்தியை நிறுத்தியது.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் ஓடிக்கொண்டிருந்த ஆலை அது. 1980-களின் தொடக்கத்தில் எந்திரங்களோடு பழனி மலைக்கு வந்தது. அதைக் கொண்டுவந்தது பாண்ட்ஸ் நிறுவனம். 1987-இல் யூனிலீவர் பாண்ட்ஸை உலகளவில் வாங்கியதால் ஆலை அதன் கைக்குப் போனது. பாதரசமும் கண்ணாடியும் அமெரிக்காவிலிருந்து வரும். செய்து முடித்த தெர்மாமீட்டர்கள் அங்கேயே திரும்பிப் போகும். நாயுடுபுரம், செண்பகனூர், வில்பட்டி என்று மலையில் குடியிருந்த இளைஞர்களுக்கு மாதச் சம்பளம் தரும் வேலை கிடைத்தது. சுற்றுலாப் பருவத்தையும் உருளைக்கிழங்கு விலையையும் நம்பியிருந்த ஊரில் அது சின்ன விஷயம் இல்லை.

ஆலை மூடிய பிறகு கழிவைப் பற்றிய கேள்விகளுக்கு ஓரளவு விடை கிடைத்தது. 2003-ஆம் ஆண்டு சுமார் 290 டன் பாதரசக் கழிவு தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறி, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துக்குத் திரும்பிப் போனது. வளரும் நாட்டில் கொட்டப்பட்ட நச்சுக் கழிவு வந்த இடத்துக்கே திரும்புவது அபூர்வம். ஆனால் மனிதர்களைப் பற்றிய கேள்வி அப்படியே நின்றது. அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களுக்குப் பாதரசத்தால் உடம்பு கெட்டதா, இல்லையா?

முன்னாள் தொழிலாளர்களின் நலச் சங்கம் 2006-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. டெல்லி எய்ம்ஸ், அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம், லக்னோவின் தொழில் நச்சியல் ஆய்வு மையம் ஆகியவற்றின் வல்லுநர்கள் அடங்கிய குழு 2007-இல் ஆராய்ந்தது. தொழிலாளர்களின் இப்போதைய உடல்நிலையை ஆலையின் பாதரசத்தோடு இணைக்கப் போதிய சான்று இல்லை என்றது. 2011-இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் அறிக்கை அதே நீதிமன்றத்தின் முன் வந்தது. தொழிலாளர்கள் மட்டுமல்ல, அவர்களுடைய பிள்ளைகளும் பாதிக்கப்பட்டிருப்பதற்கு முதல் பார்வையிலேயே சான்று இருக்கிறது என்றது அது. ஒரே ஆலை, ஒரே மனிதர்கள், இடையில் நான்கு ஆண்டுகள். படித்த மருத்துவர்களும் அதிகாரிகளும் எழுதிய இரண்டு முடிவுகள் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கின்றன. இதற்கு யாருடைய நேர்மையையும் சந்தேகிக்கத் தேவையில்லை. பாதரசம் உடம்பில் நடந்துகொள்ளும் விதத்தையும், நோய்க்குக் காரணம் கண்டுபிடிக்கும் ஆய்வு முறையையும் பார்த்தாலே பாதிக்கு மேல் புரிந்துவிடும்.

தெர்மாமீட்டர் உடைந்து பாதரசத் துளி தரையில் உருண்டால், குழந்தை அதை விழுங்கிவிடுமோ என்றுதான் வீட்டில் பயப்படுவோம். உண்மையில் விழுங்கிய திரவப் பாதரசத்தைக் குடல் அநேகமாக உறிஞ்சுவதே இல்லை. ஆபத்து மூக்கு வழியாக வருகிறது. பாதரசம் சாதாரண அறை வெப்பத்திலேயே ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை. 20 டிகிரி செல்சியஸில் மூடிய அறையில் பாதரசம் திறந்து கிடந்தால், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 14 மில்லிகிராம் வரை சேரலாம். இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் வேலையிடத்துக்கு அனுமதித்த அளவோ 0.05 மில்லிகிராம்தான். அதாவது குளிர்ந்த மலையில்கூட, காற்றோட்டம் சரியில்லை என்றால், வரம்பைப் போல் 280 மடங்குக்குப் போக இடம் உண்டு. தெர்மாமீட்டர் வேலையில் குளிர் மட்டுமா இருக்கிறது? மயிரிழைத் துளையுள்ள கண்ணாடிக் குழலில் பாதரசத்தை ஏற்ற வேண்டும், கூடுதலாக இருப்பதைச் சூடாக்கி வெளியேற்ற வேண்டும், முனையைத் தீயில் உருக்கி மூட வேண்டும், வெந்நீரில் வைத்து அளவுகோடு சரிபார்க்க வேண்டும். சூடு ஏற ஏற ஆவி கூடும். ஒவ்வொரு கட்டத்திலும் சில உடையும்.

மூச்சில் போன பாதரச ஆவியில் ஏறக்குறைய 80 சதவீதம் நுரையீரலிலிருந்து ரத்தத்துக்குள் போய்விடுகிறது. மின்னேற்றம் இல்லாத அணு என்பதால் மூளையைக் காக்கும் தடுப்பை எளிதாகக் கடக்கும். உள்ளே போனதும் ஆக்சிஜனேற்றம் அடைந்து, திரும்பி வர முடியாத வடிவத்துக்கு மாறி அங்கேயே தங்கும். சிறுநீரகத்திலும் படியும். கை நடுங்கும், ஈறு வீங்கி ரத்தம் கசியும், தூக்கம் கெடும், ஞாபகம் தடுமாறும். மனசும் மாறும். கலகலப்பாக இருந்தவர் கூச்சப்பட்டு ஒதுங்குவார், சின்ன வார்த்தைக்குச் சீறுவார். வீட்டில் இருப்பவர்கள் இதை நோய் என்று நினைக்க மாட்டார்கள், குணம் கெட்டுவிட்டது என்றுதான் சொல்வார்கள்.

பழனி மலையின் அடிவாரத்துக்குப் பாதரசம் புதியதல்ல. பழனி ஆண்டவர் சிலையைச் சித்தர் போகர் ஒன்பது நஞ்சுகளின் கலவையான நவபாஷாணத்தால் செய்தார் என்பது காலங்காலமான நம்பிக்கை. சுத்தி செய்யாத ரசத்தை, அதாவது பாதரசத்தை, தொடக் கூடாது என்று சித்த மருத்துவ மரபு கண்டிப்பாகச் சொல்கிறது. நஞ்சு என்ற அறிவு இந்த மண்ணில் இருந்தது. இல்லாதது, யார் உடம்பில் எவ்வளவு நஞ்சு போனது என்ற கணக்கு.

அந்தக் கணக்கை எடுக்க எளிய வழி சிறுநீர்ப் பரிசோதனை. பாதரச ஆவி உள்ளே போகிறவரின் சிறுநீரில் அது வெளியேறும். ஆனால் சிறுநீரில் பாதரசத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ இரண்டு மாதம். ஒரு தொழிலாளிக்கு வேலையில் இருக்கும்போது 100 அலகு என்று வைத்துக்கொள்வோம். வேலையை விட்ட இரண்டாம் மாதம் 50, நான்காம் மாதம் 25, ஆறாம் மாதம் பன்னிரண்டரை, ஓராண்டு முடிவில் ஒன்றரைக்குச் சற்று மேல். ஆலைப்பக்கமே போகாத சாதாரண மனிதருக்கும் இருக்கக்கூடிய அளவு அது. ஆறு ஆண்டு கழித்து யார் வந்து சோதித்தாலும் அந்தப் பழைய பாதரசத்தின் தடயம் சிறுநீரில் கிடைக்காது. ரத்தத்தில் இன்னும் சீக்கிரம் மறைந்துவிடும். தலைமுடிப் பரிசோதனை மீன் வழியாக வரும் மெத்தில் பாதரசத்துக்குப் பொருந்துமே தவிர, ஆவிக்கு அவ்வளவாக உதவாது. ‘பரிசோதனையில் ஒன்றும் இல்லை’ என்ற சீட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன தொழிலாளிக்கு இதை யாராவது விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்கு இல்லை என்பதுதான் அந்தச் சீட்டின் பொருள். அன்றைக்கு இருந்ததா என்பதற்கு அதில் பதிலே கிடையாது.

அப்படியானால் காலம் கடந்துவிட்டால் ஆராயவே முடியாதா? முடியும் என்பதற்கு அமெரிக்காவில் நல்ல உதாரணம் இருக்கிறது. டென்னசி மாநிலத்தில் ஓக் ரிட்ஜ் என்ற ஊரில் ஒய்-12 என்ற அணு ஆயுத ஆலை. ஹைட்ரஜன் குண்டுக்கு வேண்டிய லித்தியத்தைப் பிரிக்க 1950-களில் அங்கே ஏராளமான பாதரசத்தைப் பயன்படுத்தினார்கள். வேலை முடிந்து 20 முதல் 35 ஆண்டுகளுக்குப் பிறகு 502 பேரை மருத்துவர்கள் பரிசோதித்தார்கள். அவர்களில் 247 பேர் பாதரசத்தோடு வேலை பார்த்தவர்கள். 1988-இல் முடிவு வெளியானது. அந்தக் காலத்தில் சிறுநீரில் லிட்டருக்கு 0.6 மில்லிகிராமுக்கு மேல் போனவர்களிடம் கைவலு குறைவு, நடுக்கம், தொடு உணர்வுக் குறைவு, அசைவுகளில் ஒத்திசைவின்மை ஆகியவை தெளிவாகத் தெரிந்தன. கால் நூற்றாண்டுக்குப் பிறகும் நரம்பில் சேதம் மிஞ்சியிருந்தது. அந்த உறவைக் கண்டுபிடிக்க முடிந்ததற்கு ஒரே காரணம், ஒவ்வொரு தொழிலாளியின் சிறுநீர் அளவையும் அன்றே எழுதிவைத்த பழைய பதிவுகள் கைக்குக் கிடைத்ததுதான். மருத்துவர்கள் புதிதாகச் செய்தது நடுக்கம், உணர்வு, நடை ஆகிய எளிய சோதனைகளைத்தான்.

தெர்மாமீட்டர் ஆலைகளிலேயே நடந்த ஆய்வுகளும் உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போதே தொழிலாளர்களின் பிள்ளைகளைச் சோதித்தார்கள். அந்தப் பிள்ளைகளின் சிறுநீரில் பாதரசத்தின் இடைநிலை அளவு லிட்டருக்கு 25 மைக்ரோகிராம். அதே பகுதியில் ஆலையோடு தொடர்பில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு 5. அந்த வீடுகளின் காற்றிலும் பாதரசம் கூடுதலாக இருந்தது. அப்பா அம்மாவின் உடுப்பிலும் செருப்பிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த பாதரசம் அது. 1987-இல் இது அச்சில் வந்துவிட்டது. கொடைக்கானல் ஆலை மும்முரமாக ஓடிய காலம். வேலைக்குப் போட்ட துணியை வீட்டில் துவைத்தோம் என்று இங்கே முன்னாள் தொழிலாளர்கள் சொன்னபோது, அதன் பொருள் என்ன என்பதை உலகின் மறுகோடியில் ஏற்கெனவே அளந்து வைத்திருந்தார்கள். 1991-இல் வெளியான மற்றோர் ஆய்வு, தெர்மாமீட்டர் ஆலை ஒன்றின் 84 தொழிலாளர்களைப் பாதரசத்தோடு தொடர்பில்லாத 79 பேரோடு ஒப்பிட்டு, நடுக்கமும் நடையில் தடுமாற்றமும் முன்னவர்களிடம் அதிகம் என்று காட்டியது.

கொடைக்கானலில் நடந்திருக்க வேண்டிய ஆய்வும் இதே அளவுதான். பெரிய செலவில்லை. நடுக்கத்தை அறிய வெள்ளைத் தாளில் ஒரு சுழி வரையச் சொல்வார்கள். நடுங்கும் கை வரைந்த கோடு ரம்பப் பல் போல இருக்கும். கையை நீட்டச் சொல்வார்கள், கண்ணை மூடி நிற்கச் சொல்வார்கள், குதிகாலையும் விரலையும் ஒட்டி ஒட்டி நேர்கோட்டில் நடக்கச் சொல்வார்கள். ஒப்பிடுவதற்கு அதே உயரத்தில், அதே குளிரில், அதே சாப்பாடு சாப்பிடும் ஓட்டல் ஊழியர்களும் ஓட்டுநர்களும் ஊரிலேயே இருந்தார்கள். பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கத்து விவசாயிகளை மட்டும் ஒப்பீட்டுக் குழுவில் யோசித்துத்தான் சேர்க்க வேண்டும். பூச்சிமருந்தும் நரம்பைத் தாக்கும்.

ஒப்பீட்டுக் குழு இல்லாத மருத்துவ முகாமில் இரண்டு பக்கமும் வாதாட இடம் கிடைத்துவிடுகிறது. ஒருவருக்குக் கை நடுங்குகிறது என்றால் குடிப்பழக்கம் எனலாம். சிறுநீரகம் கெட்டது என்றால் சர்க்கரை நோய் எனலாம். கருச்சிதைவு எங்கும் நடப்பதுதான் எனலாம். தனி மனிதரைப் பார்த்து இவற்றில் எதையும் மறுக்க முடியாது. நூறு பேரையும் வேறொரு நூறு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும். இன்னொரு சிக்கலும் உண்டு. உடம்பு முடியாமல் போனவர்கள் முதலில் வேலையை விட்டுவிடுவார்கள். கடைசிவரை ஆலையில் நின்றவர்கள் ஒப்பீட்டளவில் திடமானவர்கள். நோயுற்று ஊரைவிட்டுப் போனவர்கள் முகாமுக்கு வருவதில்லை. இறந்தவர்கள் வருவதே இல்லை. வந்தவர்களை மட்டும் எண்ணினால் நோய் குறைவாகத்தான் தெரியும்.

2007 அறிக்கையும் 2011 அறிக்கையும் எங்கே பிரிகின்றன என்பது இப்போது விளங்கும். முதல் குழு மருத்துவம் கேட்கும் கறாரான சான்றைத் தேடியது: இந்த நோயாளியின் இந்த நோய் இந்தப் பாதரசத்தால் வந்தது என்ற சங்கிலி. சங்கிலியின் நடுக்கண்ணி, அதாவது அன்றைய உடல் அளவு, முழுமையாக இல்லாவிட்டால் அது அறுந்துதான் போகும். இரண்டாவது அறிக்கை வேலையிடத்தையும் பாதுகாப்புக் குறைபாட்டையும் தொழிலாளர்களின் வாக்குமூலத்தையும் சேர்த்துப் பார்த்தது. பொதுச் சுகாதாரத்தின் கண் இரண்டாவதோடு ஒத்துப்போகிறது. ‘சான்று போதவில்லை’ என்பது ‘பாதிப்பு இல்லை’ என்று ஊடகத்திலும் பேச்சிலும் மாறிப்போனது பெரிய அநீதி. பதிவுகளைக் காக்கும் பொறுப்பு ஒருவரிடமும், அவை போதாததால் வரும் நட்டம் இன்னொருவரிடமும் இருந்தால் வழக்கு எப்படிச் சமமாக நடக்கும்?

சட்டம் இதை யோசிக்காமல் இல்லை. போபால் விபத்துக்குப் பிறகு, 1987-இல், தொழிற்சாலைச் சட்டத்தில் 41-சி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஆபத்தான பொருளோடு வேலை பார்க்கும் ஒவ்வொருவருக்கும் உடல்நலப் பதிவேடு பராமரிக்க வேண்டும் என்றது அந்தப் பிரிவு. அந்தப் பதிவேடு தொழிலாளியும் பார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. பாதரச நச்சேற்றம் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலிலும் இருக்கிறது. ஆனால் சிறு நகரத்தின் பொது மருத்துவர், வேலை என்ன என்று கேட்காமலே ஈறுவீக்கத்துக்கும் தலைவலிக்கும் மாத்திரை எழுதி அனுப்பினால், அந்த நோய் எந்தப் பட்டியலுக்கும் போகாது. போபாலில்கூட, நச்சுக்காற்று பட்ட 80,000-க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனிக்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தொடங்கிய ஆய்வு 1994-இல் நின்றது. நீண்ட கால ஆய்வுகளைத் தொடங்குவதைவிட நடுவில் விடாமல் நடத்துவதுதான் நம் நாட்டில் கஷ்டமாக இருக்கிறது.

இத்தனைக்கும் கொடைக்கானல் தொடர்ந்து பதிவு செய்வதற்குப் பெயர்போன ஊர். அங்குள்ள வானாய்வகம் நூறாண்டுக்கு மேலாகச் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்துவைத்திருக்கிறது; உலக ஆய்வாளர்கள் இன்றும் அந்தப் பழைய தகடுகளைத் தேடி வருகிறார்கள். 1845-இல் மதுரை அமெரிக்க மிஷன்காரர்கள் சமவெளியின் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தப்பி வந்து வீடு கட்டிய மலை இது. உடல்நலத்துக்காகவே உருவான ஊர்.

மனித உடம்பு மறந்ததை மலை ஓரளவு நினைவில் வைத்திருந்தது. ஐதராபாத்தில் அணுசக்தித் துறையின் ஆய்வகத்தைச் சேர்ந்த பாலராம கிருஷ்ணா, கருணாசாகர், அருணாசலம் ஆகியோர் கொடைக்கானலின் கற்பாசிகளையும் பாசிகளையும் சேகரித்தார்கள். கற்பாசிக்கு வேரில்லை. காற்றிலிருந்தே உணவையும் நஞ்சையும் எடுத்துக்கொள்ளும், சீக்கிரத்தில் விடாது. தொலைவில் எடுத்தவற்றைவிட ஆலைக்கு அருகே எடுத்தவற்றில் பாதரசம் வெகு அதிகம் என்று அவர்களுடைய 2003-ஆம் ஆண்டுக் கட்டுரை சொன்னது. 2006-இல் கொடை ஏரியைப் பற்றிய ஆய்வு வந்தது. ஏரி நீரில் லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் வரை பாதரசம். அதில் 50 நானோகிராம் அளவுக்கு மெத்தில் பாதரசம். ஆலைக்கும் ஏரிக்கும் நேரடி வாய்க்கால் இல்லை. காற்றில் போய் மழையில் இறங்கியிருக்க வேண்டும்.

மெத்தில் பாதரசம்தான் மினமாட்டாவில் ஆளைக் கொன்றது. 1956-இல் ஜப்பானின் அந்தக் கடற்கரை ஊரில் நோய் வெளிப்பட்டது. சிஸ்ஸோ நிறுவன மருத்துவமனையின் டாக்டர் ஹோசோகவா 1959-இல் ஆலைக் கழிவைப் பூனைக்கு ஊட்டிக் காரணத்தைக் கண்டுகொண்டார். அந்த முடிவை நிறுவனம் வெளியே விடவில்லை. அரசு காரணத்தை ஒப்புக்கொள்ள 1968 ஆயிற்று. ஏரித் தண்ணீர் நேராகக் குடிப்பவரைக் கொல்லாது; சேற்றிலிருந்து புழுவுக்கு, புழுவிலிருந்து மீனுக்கு, மீனிலிருந்து ஆளுக்கு என்று ஏற ஏறச் செறியும். கொடைக்கானலில் ஆலை நின்ற மேட்டின் சரிவு பாம்பார் சோலைக்கு இறங்குகிறது. பாம்பாறு கும்பக்கரை அருவியாக விழுந்து பெரியகுளம் பக்கம் போகிறது. ஆகவே இந்தக் கேள்வி மலையோடு முடிவதில்லை. சமவெளியில் மீன் வாங்கும் குடும்பத்துக்கும் இது கேள்விதான். ஆலை மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்ய வேண்டும், கிலோவுக்கு 20 மில்லிகிராம் போதுமா என்று நடந்த நீண்ட வாதத்தின் உள்ளே இருந்ததும் இந்தக் கவலைதான்.

2016 மார்ச்சில் நிறுவனமும் தொழிலாளர் சங்கமும் உடன்பாட்டுக்கு வந்தன. 591 முன்னாள் தொழிலாளர்களுக்கோ அவர்களுடைய குடும்பங்களுக்கோ மனிதாபிமான அடிப்படையில் பணம் என்று முடிவாயிற்று, தொகை வெளியாகவில்லை. பத்தாண்டு வழக்குக்குப் பிறகு அந்தக் குடும்பங்களுக்கு அது வேண்டியிருந்தது. பாதரசத்தால் நோய் வந்ததா என்ற கேள்விக்கு மட்டும் அங்கே பதில் எழுதப்படவில்லை.

அந்த 591 பேரின் பட்டியலே ஆய்வுக்கு நல்ல தொடக்கம். யார் எந்தப் பிரிவில் எத்தனை ஆண்டு வேலை பார்த்தார், பாதரசம் ஏற்றும் இடத்திலா, அச்சிடும் இடத்திலா, அலுவலகத்திலா என்பது அவர்களுக்கே தெரியும். ஒருவர் சொல்வதை உடன் வேலை பார்த்தவரிடம் சரிபார்க்கலாம். சிறுநீர் அளவு இல்லாத குறையை வேலை வரலாறு பாதியாவது ஈடுகட்டும். இறந்தவர்களின் வயதையும் காரணத்தையும் குடும்பத்தாரிடம் முறையாகக் கேட்டு எழுதலாம். அந்த ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகள் இன்று நடுவயதை நெருங்குகிறார்கள். மதுரை அரசு மருத்துவக் கல்லூரியும் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரியும் மலையடிவாரத்திலிருந்து எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் 1984-இல் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. இனி வரும் கை நடுக்கத்தில் முதுமையின் பங்கு எவ்வளவு, பார்க்கின்சன் நோயின் பங்கு எவ்வளவு, பாதரசத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது ஆண்டுக்கு ஆண்டு கடினமாகிக்கொண்டே போகும்.